தாவித்தின் காது

தாவித்சீனே கைக்குழந்தையாக இருக்கும்போதே வலது காதில் சீழ் வடிந்தது. வேறு வீடாக இருந்தால் தாய் பதறியிருப்பாள். ரெகீனே குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு சந்தோஷத்தில் அழுதாள்.

"வந்துட்டீங்களாப்பா" என்று கேட்டாள்.

அக்கம்பக்கத்தார் காபி குடிக்க வந்தார்கள். ஒவ்வொருவராகக் குனிந்து குழந்தையின் காதைப் பார்த்தார்கள். ஆமாம், தாவித்தேதான் என்று ஒத்துக்கொண்டு, கேக்கை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

தாவித் என்பவர் ரெகீனேயின் தகப்பன். அந்த ஆண்டு வசந்தத்தில் உறைந்த கடலின் மேல் நாய் வண்டி ஓட்டிப் போனவர் திரும்பவில்லை. கிரீன்லாந்தின் மேற்குக் கரையில், அந்தச் சின்னத் தீவில், இறந்தவரின் பெயரை அடுத்துப் பிறக்கும் குழந்தைக்கு வைப்பார்கள். பெயரோடு ஆளும் வந்துவிடுவார் என்பது நம்பிக்கை. பிறந்தது பெண்ணாக இருந்ததால் தாவித், தாவித்சீனே ஆனது. மற்றபடி எதுவும் மாறவில்லை. முதல் பிறந்தநாளுக்கு அவளுக்குப் புகையிலைப் பை ஒன்றும் சீல் என்ற கடல்விலங்கின் தோல் உரிக்கும் கத்தி ஒன்றும் பரிசாக வந்தன. தாவித்தோடு வேட்டைக்குப் போய்வந்த ஓத்தோ, தொட்டிலைத் தட்டி, "டேய், எனக்கு நீ தரவேண்டிய சாட்டை எங்கடா?" என்று கேட்டார். பெற்ற தாய் அவளை அப்பா என்றுதான் கூப்பிட்டாள்.

தாவித்துக்கு இளவயதிலேயே இரண்டு காதும் வடிந்திருக்கிறது. ஐம்பது வயதில் முழுச் செவிடு. ஆகவே பேத்திக்குக் காது வடிந்தபோது அதை யாரும் நோய் என்று நினைக்கவில்லை. அது அவர் போட்ட கையெழுத்து.

காது வடிவது அந்தப் பக்கத்தில் அதிசயமும் இல்லை. குழந்தைகளில் பாதிப்பேருக்கு வடியும். சிலருக்கு நிற்கும், சிலருக்கு நிற்காது. இப்படி ஓயாமல் வடியும் காது பெரும்பாலும் வலிக்காது. அதன் மோசமான குணமே அதுதான். வலித்தால் மனிதன் வைத்தியரிடம் ஓடுவான். வலிக்காததைப் பஞ்சு வைத்து மூடிவிட்டு வேலைக்குப் போவான்.

தாவித்சீனே அப்படித்தான் போனாள். பதினெட்டு வயதில் மீன் தொழிற்சாலையில் சேர்ந்து கத்தி மேசையில் நின்றாள். ஹாலிபட் மீனைத் தலை வெட்டி, குடல் எடுத்து, தண்ணீர் பீய்ச்சிக் கழுவித் தள்ளுகிற வேலை. மேசையின் இரண்டு பக்கமும் பெண்கள் தோளோடு தோள் நிற்பார்கள். அவளுடைய வலது பக்கத்தில் மட்டும் ஓர் ஆள் நிற்கும் இடம் காலியாக இருக்கும். யாரும் வாய் திறந்து எதுவும் சொன்னதில்லை. பழைய சீழுக்கு ஒரு நாற்றம் உண்டு. மீன் நாற்றம் பழகிய மூக்குக்கும் அது தனியாகத் தெரியும்.

அவள் கல்யாணம் செய்துகொண்டாள். சில ஆண்டுகளில் பிரிந்து தாயிடமே வந்தாள். அவளுடைய மகள் நகரத்தில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். இடையில் ஒரு குளிர்காலம் தொழிற்சாலை, பெட்டி தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஒன்றை வாங்கியது. ஓட்டக் கற்றுக்கொள்ள யார் வருகிறீர்கள் என்று மேற்பார்வையாளர் கேர்த் கேட்டபோது அவர் கேள்வியை முடிக்குமுன் இவள் கை தூக்கியிருந்தாள். அந்த வண்டியில் ஒரே ஓர் இருக்கைதான். வலது பக்கத்தில் யாரும் நிற்கவேண்டியதில்லை, நிற்காமல் விலகவேண்டியதும் இல்லை. மீன் பெட்டிகளை அடுக்கடுக்காகத் தூக்கிக்கொண்டு துறைமேடையில் வளைந்து திரும்புவாள். ஒரு பெட்டிகூடச் சரிந்ததில்லை.

முப்பத்துநான்கு வயதில் அந்த வண்டி அவள் கையைவிட்டுப் போக இருந்தது.

மார்ச் மாதம். ஓத்தோ நாய்களுக்கு மீன் குடல் வாங்க வந்து, குடல் தொட்டியருகே குனிந்து வாளியில் அள்ளிக்கொண்டிருந்தார். தாவித்சீனே வண்டியைப் பின்னால் எடுத்தாள். வலது தோளுக்குப் பின்னால் இருந்து ஓத்தோ கத்தினார்.

"டேய் தாவித்! நிறுத்துடா! டேய்!"

வண்டி நிற்கவில்லை. எழுபது வயது ஓத்தோ வேறு வழியில்லாமல் தொட்டிக்குள் குதித்தார். தொட்டி இடிபட்டு அசைந்தபோதுதான் அவள் பிரேக் போட்டாள். கழுத்தில் குடல் மாலையோடு அவர் எழுந்து நின்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள்.

"ஒரு தடவை செத்தது போதலியாடா உனக்கு? இப்ப என்னையும் கூட்டிட்டுப் போறியா?"

"அங்கே போய் நிப்பியா கிழவா? கண்ணு இல்ல உனக்கு?" என்றாள் அவள். தாவித்துக்கு ஓத்தோ கூட்டாளி என்பதால் அவரைக் கிழவா என்று சொல்ல அவளுக்கு உரிமை இருந்தது.

"எனக்குக் கண்ணு இருக்கு. உனக்குத்தான் காது இல்ல. அன்னிக்கும் கத்தினோம், நீ கேக்கல. இன்னிக்கும் கத்தறேன், கேக்கல!"

சிரிப்பு சட்டென்று அடங்கியது. வயதானவர்கள் தங்கள் பூட்ஸைப் பார்த்துக்கொண்டார்கள்.

"என்னிக்குக் கத்தினீங்க?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. இந்தக் குடலை எடு முதல்ல, வழுக்குது."

கேர்த் வந்து வண்டிச் சாவிக்குக் கை நீட்டினார்.

"இடது காது நல்லாக் கேக்கும் அண்ணே."

"அப்ப எல்லாரும் இடது பக்கமாவே நடங்கன்னு பலகை எழுதி மாட்டட்டுமா?" கேர்த் கத்தவில்லை. அவர் கத்தியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "பனி உடைஞ்சு படகுங்க வர்ற வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள காதைச் சரிபண்ணிக்கிட்டு, டாக்டர் வாயால ஒரு நல்ல வார்த்தை வாங்கிட்டு வா. இல்லேன்னா வேற ஆளைப் பழக்கணும். எனக்கு வேற வழி இல்ல. அதுவரை கத்தி மேசை."

அவள் போய் மேசையில் நின்றாள். வலது பக்கம் உடனே காலியானது.

தீவின் சுகாதார நிலையத்தைப் பார்த்துக்கொள்பவள் பொலெத்தெ. ரெகீனேயின் அக்கா மகள். நர்சுக்குப் பாதி படிப்பு, மீதி பழக்கம். விளக்குக் குழலைக் காதில் வைத்துப் பார்த்தாள். சின்ன உறிஞ்சு குழாயை விட்டு உள்ளே தேங்கியிருந்ததை எடுத்தாள். மறுபடி பார்த்தாள்.

"செவிப்பறையில நல்ல ஓட்டை. எத்தனை வருஷமா வடியுது?"

"பேர் வச்ச நாள்லேர்ந்து."

"பேர் வடியாதுடி. காதுதான் வடியும். போன வருஷம் சொட்டு மருந்து குடுத்தேனே, என்ன பண்ணின?"

"விட்டேன். வடியறது நின்னுது. நிறுத்திட்டேன்."

"அதுக்கு முன்னாடி வருஷம்?"

"அதே மாதிரிதான்."

"உள்ளே துடைச்சிட்டு விட்டியா, சீழ் மேலேயே ஊத்தினியா?"

"அக்கா, எனக்கு என் காது தெரியுமா? குத்துமதிப்பா ஊத்தினேன்."

"பஞ்சு யாரு வைக்கறா?"

"அம்மா."

பொலெத்தெ விளக்குக் குழலை அணைத்து வைத்தாள். தாவித் அவளுக்கும் தாத்தாதான்.

காதைப் படம் எடுத்து நகரத்து மருத்துவருக்கு அனுப்பினாள். பதில் அன்றே வந்தது. கோடைத் தொடக்கத்தில் காது மருத்துவர் நகரத்துக்கு வருகிறார். ஓட்டையை அடைக்க முடியுமா என்று பார்ப்பார். ஆனால் காது காய்ந்திருக்க வேண்டும், வடிகிற காதில் அவர் கை வைக்கமாட்டார்.

"ஈரச் சுவத்துல பூச்சு பூசினா நிக்குமா? அதேதான்" என்றாள் பொலெத்தெ. மெல்லிய காகிதத்தைத் திரி மாதிரி முறுக்கிக் காட்டினாள். "இதை உள்ளே விட்டு ஈரத்தை உறிஞ்சு. நனைஞ்சா தூக்கிப் போடு, புதுசு எடு. திரி காய்ஞ்சு வர்ற வரைக்கும். அப்புறம் மருந்து. காதுக்கு முன்னாடி இருக்கிற இந்தச் சின்ன மடலை அமுக்கி அமுக்கி விடு, அப்பத்தான் மருந்து ஓட்டை வழியா உள்ளே போகும். கொஞ்ச நேரம் அந்தக் காது மேலே இருக்கற மாதிரி படுத்திரு. காலையும் சாயங்காலமும், ரெண்டு வாரம். நின்னுபோச்சேன்னு நடுவுல விடாதே. பஞ்சு கூடவே கூடாது. பஞ்சு வச்சா சீழுக்குக் கம்பளி போத்தி வளக்கற மாதிரி. குளிக்கப் போறப்ப மட்டும் வாசலின் தடவின பஞ்சு, வந்ததும் எடுத்துடணும்."

"அம்மாகிட்ட நீங்க சொல்லுங்களேன்."

"சித்திகிட்டயா? நான் சொல்லமாட்டேன்ப்பா. தாத்தா காதுல எனக்கு என்ன வேலைன்னு கேப்பாங்க."

ரெகீனேயின் காலை இப்படித்தான் தொடங்கும்: மகளின் படுக்கையருகே வந்து, தலையணையில் ஈரம் பட்ட இடத்தைத் தொட்டுப் பார்த்து, "நல்லாத் தூங்கினீங்களாப்பா" என்று கேட்டு, பழைய பஞ்சை எடுத்துப் புதுப் பஞ்சை வைப்பாள். இனி பஞ்சு வேண்டாம் என்று மகள் சொன்னபோது அவள் குடிநீருக்கான பனிக்கட்டியைக் கெண்டியில் போட்டு அடுப்பில் வைத்தாள். மறுநாள் விழித்தபோது தாவித்சீனேயின் காதில் பஞ்சு இருந்தது. அதற்கு அடுத்த நாளும் இருந்தது.

"அம்மா, என் வேலை போகப்போகுது. புரியுதா?"

"வேலை வரும், போகும்."

"வடியறது நின்னாத்தான் டாக்டர் பாப்பாரு."

"வடியறது நின்னா அவர் எங்கே போவார்?" ரெகீனே கேட்டது மகளை அல்ல. கெண்டியைப் பார்த்துக் கேட்டாள். "இத்தனை வருஷமா என்கூட இருக்காரு."

"எங்கேயும் போகமாட்டார்ம்மா. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவாரு."

ரெகீனே சிரிக்கவில்லை.

தாவித்சீனே தானே முயன்றாள். கண்ணாடி முன் நின்று திரியைக் காதுக்குள் விடப் பார்த்தாள். சொந்தக் காதுக்குள் பார்க்க யாராலும் முடியாது. திரி மடங்கியது. மருந்து பாதி காதிலும் பாதி கழுத்திலும் போனது. அவசரமாக வேலைக்கு ஓடுகிறவள் படுத்துக் கிடக்கவும் இல்லை. இரண்டு வாரம் முடிந்து பொலெத்தெ பார்த்தபோது காது பழையபடியே இருந்தது.

"தனியா செய்யற வேலை இல்ல இது" என்று பொலெத்தெ அடுத்த குப்பியைக் கொடுத்தாள். "இன்னொரு கை வேணும். நான் காலையில ஆறு வீடு சுத்தணும், சாயங்காலம் நிலையத்துல இருக்கணும். உன் வீட்டுலயே ஒரு கை இருக்கு. பழக்கு."

வெளியே விரிகுடாவின் பனியில் கறுப்புத் திட்டுகள் விழத் தொடங்கியிருந்தன. மீனவர்கள் நாய் வண்டிகளைக் கரையேற்றிவிட்டுப் படகுகளுக்குச் சாயம் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

பெயர் தாங்கி வந்தவரை அந்தத் தீவில் அடிக்கக் கூடாது, அதட்டக் கூடாது. அவர் கேட்டதை மறுக்கவும் கூடாது. இறந்தவர் கோபித்துக்கொள்வார். சிறு வயதில் தாவித்சீனே இதை மிட்டாய்க்குப் பயன்படுத்தியிருக்கிறாள். வளர்ந்தபின் வெட்கப்பட்டு விட்டுவிட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்திலிருந்து வந்து ரெகீனே சீல் கறிச் சூப்புக்கு அரிசி அளந்துகொண்டிருந்தபோது, தாவித்சீனே ஜன்னலோரம் இருந்த தாவித்தின் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

"ரெகீனே" என்று கூப்பிட்டாள்.

பிறந்ததிலிருந்து தாயை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ரெகீனேயின் கையில் அரிசிக் கிண்ணம் அப்படியே நின்றது.

"எனக்குக் காது வடியுது. நாத்தம் அடிக்குது. பக்கத்துல ஒருத்தரும் நிக்கறதில்ல. ரொம்ப நாளாப் பொறுத்துட்டேன். நீ துடைச்சு, மருந்து விடு. பஞ்சு வைக்காதே."

ரெகீனே கிண்ணத்தைக் கீழே வைத்தாள். கைகளைத் துடைத்துக்கொண்டாள். திரும்பியபோது முகம் அறுபது வயதுக்காரியின் முகமாக இல்லை.

"சரிப்பா" என்றாள். "முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"இப்பச் சொல்றேன்."

பொலெத்தெ சொன்னதையெல்லாம் மகள் சொல்ல, ரெகீனே திரி முறுக்கினாள். சீல் தோலில் மயிரிழை பிசகாமல் தைத்த கை அது. முதல் திரி நனைந்து வந்தது. அடுத்ததும் நனைந்து வந்தது. தூக்கிப் போட்டுக்கொண்டே இருந்தாள். திரி காய்ந்து வந்தபிறகு குப்பியை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கி, சொட்டு விட்டு, மடலை அமுக்கினாள். தாவித்சீனே அவள் மடியில் இடது காது கீழே இருக்கும்படி படுத்துக் கிடந்தாள்.

நல்ல காது மடியில் புதைந்திருந்தது. கெட்ட காதில் மருந்து நிரம்பியிருந்தது. இந்த ஆளுக்கு இப்போது எதுவும் கேட்காது என்று நினைத்துத்தான் ரெகீனே பேசியிருக்க வேண்டும். ஆனால் செவிப்பறை ஓட்டையானவர்களுக்கு உள்காது பெரும்பாலும் கெட்டிருக்காது. எலும்பு வழியாக வருகிற ஒலி அவர்களுக்கு நன்றாகவே எட்டும். தாயின் குரல் வயிற்றிலிருந்து தொடைக்கும், தொடையிலிருந்து மகளின் மண்டையோட்டுக்கும் நேராக இறங்கியது.

"நான் கத்தினேன்ப்பா. பின்னாடி வண்டியிலேர்ந்து நானும் ஓத்தோவும் கத்தினோம். முன்னாடி பனி மெலிஞ்சு கறுத்திருந்துச்சு. அப்பா, அப்பான்னு கத்தினேன். நீங்க நாய்களைப் பாத்துக்கிட்டே போனீங்க. ஒரு தடவை திரும்பியிருந்தீங்கன்னா போதும். வயித்துல புள்ள இருந்துச்சு, ஓடிவர முடியல. கத்தத்தான் முடிஞ்சுது."

தாவித்சீனே அசையவில்லை. வயிற்றில் இருந்தது தான்தான் என்று அவளுக்கு மெல்ல உறைத்தது. மருந்து ஊறவேண்டிய நேரம் தாண்டியும் படுத்தே இருந்தாள். ரெகீனே மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "போதும், எழுந்திருங்க. அரிசி வேகலை" என்று தோளைத் தட்டினாள்.

அன்றிலிருந்து காலையும் மாலையும் அது நடந்தது. இரண்டாம் வாரம் நாற்றம் போயிற்று. பிறகு தலையணை உலர்ந்தே கிடந்தது. வழக்கப்படி தலையணையைத் தொட்ட ரெகீனே, கையை எடுத்து மேலுடையில் துடைத்துக்கொண்டாள், துடைக்க ஒன்றும் இல்லாவிட்டாலும். நடுவில் ஒருமுறை பொதுக் குளியலறையில் தாவித்சீனே வாசலின் பஞ்சை மறந்து தலைக்குக் குளித்துவிட்டு வர, காது மறுபடி கசிந்தது. எல்லாம் முதலிலிருந்து. அதட்டக் கூடாது என்ற விதியை ரெகீனே அன்று மட்டும் மீறினாள்.

"வயசான மனுஷன், அறிவு வேண்டாம்?"

கத்தி மேசையில் ஒருநாள் அவளுடைய வலது பக்கத்தில் ஒருத்தி வந்து நின்று, கத்தி தீட்டும் கல்லைக் கேட்டாள். அவ்வளவுதான். தாவித்சீனே கல்லைக் கொடுத்தாள்.

பனி உடைந்து முதல் படகுகள் வந்த வாரத்திலேயே நகரத்தில் காது மருத்துவரும் வந்திறங்கினார். டென்மார்க்கிலிருந்து வந்த உயரமான பெண். காதை உருப்பெருக்கியில் நெடுநேரம் பார்த்தார். காய்ந்திருக்கிறது, உள்ளே எலும்பு அரிக்கவில்லை, கேட்கும் நரம்பு நன்றாக இருக்கிறது, தைரியமாக அடைக்கலாம் என்றார். அடைத்த பிறகு, கேட்கிறதா என்று சோதித்துவிட்டு, வண்டி ஓட்டலாம் என்று எழுதித் தருவதாகவும் சொன்னார். கூட வந்த பொலெத்தெ மொழிபெயர்த்தாள். ரெகீனேயும் வந்திருந்தாள்.

"எதை வச்சு அடைப்பாங்க?" என்று ரெகீனே கேட்டாள்.

"காதுக்குப் பின்னாடி, தோலுக்கு அடியில மெல்லிசா ஒரு சவ்வு இருக்கு. அதை எடுத்து ஓட்டுப் போடுவாங்க சித்தி."

"யாரோடது?"

"அவளோடதுதான். வெளியாளு ஒருத்தரும் உள்ளே வரலை."

ரெகீனே யோசித்துத் தலையாட்டினாள்.

அறுவை முடியக் கோடை போய்விடும் என்று கேர்த்திடம் சொன்னபோது அவர் பெருமூச்சு விட்டார். ஆனால் வேறு ஆளைப் பழக்காமல் கோடை முழுவதும் வண்டியைத் தானே ஓட்டினார். அவர் ஓட்டுகிற லட்சணத்தைப் பார்த்துவிட்டு ஓத்தோ குடல் வாங்கத் தொழிற்சாலையின் பின்வாசலுக்குப் போகத் தொடங்கினார்.

ஆகஸ்டில் தலைநகர் நூக்கில் அறுவை நடந்தது. மூக்கைச் சிந்தாதே, தும்மினால் வாயைத் திறந்து தும்மு, கனம் தூக்காதே, தண்ணீர் படாமல் பார்த்துக்கொள் என்றார்கள். விமானம் ஏறலாம் என்று சொல்லும்வரை நோயாளிகள் தங்கும் விடுதியில் கிடந்து தொலைக்காட்சி பார்த்தாள். கடைசி நாள் சோதித்தார்கள். வலது காது இடது காது அளவுக்கு வரவில்லை. ஆனால் வேலைக்குப் போதுமான அளவு வந்திருந்தது. மருத்துவர் சொன்னபடி எழுதிக் கொடுத்தார்.

கேர்த் அதை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார், படிக்கவில்லை. "அந்தப் பக்கம் திரும்பி நில்லு" என்றார். திரும்பி நின்றாள். இடது காதைப் பொத்தச் சொன்னார். பின்னால் நாலு அடி தள்ளிப் போய், உதட்டுக்குள்ளேயே முணுமுணுத்தார்.

"மேசையில வெட்டின மீனெல்லாம் கோணல்."

"நீங்க இடிச்ச சுவரும் கோணல்தான் அண்ணே."

சாவி அவள் கைக்கு வந்தது.

முதல் பனி தூவிய காலையில் அவள் துறைமேடையில் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டிருந்தாள். காற்று இருந்தது. படகுகளின் என்ஜின்கள் ஓடிக்கொண்டிருந்தன. ரெகீனே காபிக் குடுவையோடு வலது பக்கமாகப் பின்னால் வந்து, தூரத்திலேயே நின்றுவிட்டாள். கத்தவில்லை. பக்கத்தில் இருக்கிறவரிடம் பேசுகிற குரலில் ஒரே ஒருமுறை கூப்பிட்டாள்.

"அப்பா."

வண்டி நின்றது. தாவித்சீனே இருக்கையில் முழுதாகத் திரும்பித் தாயைப் பார்த்தாள்.

"என்னம்மா?"

ரெகீனே குடுவையை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். தொட்டியருகே வாளியோடு நின்ற ஓத்தோ குனிந்து, ஏற்கெனவே நிரம்பிய வாளியில் இன்னும் குடல் அள்ளினார்.

"ஒண்ணுமில்ல" என்றாள் ரெகீனே. "தொப்பியைக் காதுக்கு இழுத்து விடுங்க. பனி பெய்யுது, நனையும்."